வெயிலைத் தாங்காத உடலும் விரும்பிய பயணமும்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது முன்னோர் மொழி. சுகதேகியாய் உள்ள ஒருவருக்கு அவ்வருமை நண்பகலிலேதான் தெரிகின்றது. நோயின் காரணமாக வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலை இழந்தவருக்கோ அது காலை எட்டு மணிக்கே தெரிந்துவிடுகின்றது. சந்தைவரை துவிச்சக்கர வண்டியிற் சென்று திரும்புவதற்குள் அவருக்குக் கால்கள் துவளுகின்றன, கண் மங்குகின்றது, தலை சுற்றுகின்றது. வீட்டுக்கு வந்து குளிர்ந்த தரையிலே சிறிது நேரம் படுத்தெழுந்தால் யாவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

இதனைக் காணும் வீட்டார் இருவகைப்படுவர். "வெயில் எல்லாருக்கும் ஒன்றுதானே, இது வெறுஞ் சோம்பல்" என்பர் ஒருசாரார். "இனிப் படலையைத் தாண்டவே வேண்டாம்" என்று தடை விதிப்பர் மற்றொருசாரார். முதலாவது கூற்று நோயாளியின் மனத்தைப் புண்படுத்துகின்றது. இரண்டாவது கூற்று அன்பினால் எழுவதாயினும் அவருடைய உடலை மேலும் நலிவடையச் செய்கின்றது. நடக்காத கால்கள் வலிமை இழக்கும். வலிமை இழந்த கால்கள் சிறிது தூரம் நடப்பதற்கும் கூடுதலாக உழைக்க நேரும். அவ்வுழைப்பு மேலும் வெப்பத்தைத் தரும். ஆகவே, வெயிலுக்கு அஞ்சும் உடலோடு வெளியே செல்வது எவ்வாறு என்று அறிந்துகொள்ளுதல் நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.

வெப்பம் யாரை வருத்துகின்றது?

'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று வைத்தியர்கள் வழங்கும் நரம்பு நோயை முதலிற் குறிப்பிடலாம். மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறை இந்நோயிலே சிதைவுறுகின்றது. மின்கம்பியின் மேலுறை தேய்ந்தாற்போன்ற நிலை அது. உடலின் உள்வெப்பம் வழமையான 37 பாகையிலிருந்து அரைப்பாகை உயர்ந்தாலே போதும். உறை தேய்ந்த நரம்பிலே செய்தி தடைப்பட்டுப் போகின்றது. 1890ஆம் ஆண்டிலே வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்னும் ஜெர்மானியக் கண்வைத்தியர், இத்தகைய நோயாளர் சிலருக்கு உடலுழைப்பின்பின் பார்வை மங்குவதைக் கண்டு எழுதிவைத்தார். உழைப்பே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். உழைப்பினாலே எழும் வெப்பமே காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆயினும் அந்நிலைக்கு இன்றும் அவருடைய பெயரே வழங்குகின்றது.

வெந்நீரிலே நோயாளியை அமர்த்தி, அறிகுறிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்து இந்நோயைத் துணியும் முறையும் பல ஆண்டுகள் கையாளப்பட்டது. வெப்பத்தினாலே தோன்றும் இத்தளர்ச்சி உடல் குளிர்ந்ததும் நீங்கிவிடும். நரம்புக்குப் புதிய சேதம் எதனையும் அது விளைவிப்பதில்லை. இவ்வுண்மையை அறியாமையினாலேயே ஒரு காலத்திலே இந்நோயாளர் உடற்பயிற்சி செய்தலாகாது என்று வைத்தியர்களே விலக்கிவைத்தனர். இன்றோ தத்தம் அளவுக்கேற்ற பயிற்சி நன்மையே தரும் என்று அவர்களே வற்புறுத்துகின்றனர்.

இந்நோய் நம் நாட்டிலே மிகுதியாகக் காணப்படுவதன்று. ஆனால் வெப்பத்தைத் தாங்கவொட்டாத வேறு நோய்கள் நம் வீடுகளிலே நிறைய உள்ளன. நீண்டகாலச் சலரோகம் வியர்வையை ஆளும் நரம்புகளைப் பழுதாக்கக் கூடும். தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரப்பவரின் உடல் இருந்த இடத்திலிருந்தே அதிக வெப்பத்தை உண்டாக்குகின்றது. இருதய நோயுடையோருக்குத் தோலுக்கு வேண்டிய இரத்தத்தைக் கூடுதலாக அனுப்புவது கடினமாகின்றது. முண்ணாண் காயமுற்றோருக்குக் காயத்தின் கீழ்ப்பகுதியிலே வியர்ப்பது குன்றிவிடுகின்றது. நோயோடு மருந்தும் சேர்ந்துகொள்வதுண்டு. சலத்தைப் பெருக்கும் குளிசைகள், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், மனநோய்க்கான சில மருந்துகள், தடிமலுக்கு வாங்கும் சில குளிசைகள் ஆகியனவும் வெப்பந்தாங்கும் ஆற்றலைக் குறைக்கக் கூடியவை. அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுதல் பேராபத்தாகும். "நான் வெயிலில் நடப்பவன், இம்மருந்து தடையாகுமா?" என்று வைத்தியரைக் கேட்டறிதலே முறை.

உடம்பின் வரவு செலவு

தசைகள் செலவிடும் சக்தியிலே ஏறக்குறையக் காற்பங்கே மிதித்தலாகவோ நடத்தலாகவோ வெளிப்படுகின்றது. எஞ்சிய முக்காற்பங்கும் வெப்பமாகிவிடுகின்றது. இது வரவு. இவ்வெப்பத்தை வெளியேற்றும் வழிகளுள் வியர்வையே தலையாயது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். இது செலவு. ஆனால் ஆவியாகும் வியர்வையே வெப்பத்தைக் கொண்டு செல்லும். துளித்துளியாய் நிலத்திலே சிந்தும் வியர்வையாற் பயன் சிறிதுமில்லை. காற்றிலே ஈரம் மிகுந்திருக்கும் கொழும்பு நகரிலே வெப்பமானி காட்டும் அளவு குறைவாயினும் புழுக்கம் மிகுதியாய் இருப்பதன் காரணம் இதுவே.

வரவு செலவு அறிந்த குடும்பம் கடன்படாதது போல, இக்கணக்கை அறிந்தவர் வெயிலிலே தளர்ந்து விழார். புறப்படும்போதே உடலைக் குளிர்வித்துக்கொள்ளுதல், வழியிலே வெப்பம் பெருகாமற் காத்தல், பெருகியதை உடனுக்குடன் போக்குதல் ஆகிய மூன்றுமே அவர் செய்ய வேண்டுவன.

புறப்படுமுன்

முதலாவது, நேரம். யாழ்ப்பாணத்திலே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும், பின்னர் ஆகஸ்ட் மாத இறுதியிலும் சூரியன் நடுவானிலே நேர் உச்சியில் நிற்கின்றான். அக்காலங்களிலே காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்புதல் நன்று. மாலையிலே காற்றுக் குளிர்ந்தாலும் தார் வீதி பகல் முழுவதும் உண்ட வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, முன்குளிர்வித்தல். பயணத்துக்கு முன்னர் அரைமணி நேரம் கால்களையும் இடுப்பையும் குளிர்ந்த நீரிலே அமிழ்த்தியிருந்தால் உள்வெப்பம் சற்றே தாழ்கின்றது. அதன்பின் உடல் தளர்ச்சிநிலையை அடைவதற்குக் கூடுதலான நேரம் செல்லும். தொட்டி இல்லாத வீட்டிலே பெரிய வாளியிலே முழங்கால்வரை கால்களை வைத்திருத்தலும், கிணற்று நீரிலே ஆறுதலாக முழுகுதலும் ஓரளவு உதவும். நொறுக்கிய பனிக்கட்டி கலந்த பானத்தைச் சிறிது சிறிதாகப் பருகுதலும் பயன்படும்.

மூன்றாவது, உடை. வெளிர்நிறமும் தளர்ச்சியும் உடைய மெல்லிய நீண்டகைச் சட்டை, அகன்ற விளிம்புடைய பனையோலைத் தொப்பி, கழுத்திலே நனைத்த துவாய் ஆகியன போதும். துவிச்சக்கர வண்டியிலே செல்வோர் காற்றுப் புகும் துளைகள் உள்ள தலைக்கவசத்தை அணிதல் வேண்டும்.

விண்வெளி வீரர் குளிர்நீர் ஓடும் குழாய்கள் பொருத்திய உள்ளங்கிகளை அணிவதை மாணவர் அறிவர். அவ்வகை அங்கியை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளருக்கு அணிவித்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2003ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. அவர்களுடைய இயக்கத்திலும் பார்வையிலும் சிறிதளவு முன்னேற்றம் தென்பட்டதாக அது தெரிவித்தது. பனிக்கட்டிப் பைகளைச் செருகும் கையில்லாச் சட்டைகள் இன்று மேனாடுகளிலே விற்பனையாகின்றன. அவை கிடையாவிடின், நீர் நிரப்பி உறையவைத்த சிறு போத்தல்களைத் துணியிலே சுற்றித் தோட்பையில் முதுகோடு சேர்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். உருகிய நீர் பருகவும் உதவும்.

துவிச்சக்கர வண்டியிலே

வண்டி ஓடும்போது எதிரே வீசும் காற்று வியர்வையை உலர்த்துகின்றது. ஆகவே, சமதரையிலே மெதுவாக வண்டி ஓட்டுதல் நடப்பதிலும் குளிர்ச்சியானது. ஆனால் இக்காற்றிலே ஓர் ஏமாற்றமும் உண்டு. சோழகம் வீசும் மாதங்களிலே யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணை வழியாகத் தீவுப்பகுதிக்குச் செல்பவரை எண்ணிப் பாருங்கள். போகும்போது காற்று முகத்திலே அறைகின்றது; மிதிப்பது கடினம்; ஆயினும் வியர்வை உலருகின்றது. திரும்பும்போது காற்று முதுகிலே தள்ளுகின்றது, மிதிப்பது எளிது, ஆனால் வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் உடலைச் சுற்றிக் காற்றே அசைவதில்லை. நேரமும் பத்து மணியைத் தாண்டியிருக்கும். தாம்போதியின் இருமருங்கும் ஒரு மரமேனும் இராது. எளிதென்று எண்ணிய திரும்பும் வழியே வெப்பந்தாங்காதவருக்கு இடர் விளைப்பது. முதுகுக்காற்றில் வருவோர் சட்டையை அடிக்கடி நனைத்துக்கொள்ளுதலும், தாம்போதிக்கு முன்னரே நிழலில் ஆறுதலும் அவசியம்.

வண்டியை நிறுத்திய கணமே வெப்பம் குப்பென்று ஏறுவதைப் பலர் உணர்ந்திருப்பர். காற்று நின்றுவிடுகின்றது, தசையிலே தேங்கிய வெப்பமோ வெளிவந்துகொண்டே இருக்கின்றது. ஆதலின் சந்தியிலே வெயிலில் நிற்காது, நிழல் கண்ட இடத்திலேயே இறங்குதல் வேண்டும். இறங்கியதும் முகத்தையும் உள்ளங்கைகளையும் நீரில் நனைத்தல் நன்று. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முகத்திலும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த தனிப்பட்ட இரத்தவழிகள் உள்ளன. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்விலே, ஒரு கையின் உள்ளங்கையை மட்டும் குளிர்வித்தபோதே வெப்பந்தாங்காத மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளர் கூடுதலான நேரம் பயிற்சி செய்ய முடிந்தது என்று கண்டனர். ஆனால் பனிக்கட்டியை நேரே பிடித்தால் அவ்விரத்தவழிகள் சுருங்கிக்கொள்ளும். குளிர்ந்த நீரே இதற்கு உகந்தது.

மலையிலும் யாத்திரையிலும்

உயரம் ஆயிரம் மீற்றர் கூடுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறைகின்றது. ஆதலின் கடற்கரையிலே ஒரு கல் தொலைவு நடக்க இயலாத ஒருவர் நுவரெலியாவிலே இன்பமாக உலாவக் கூடும். விடுமுறையிலே நடை பழக விரும்புவோர் மலைநாட்டைத் தெரிந்தெடுத்தல் அறிவுடைமை.

2,243 மீற்றர் உயரமுடைய சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் இரவிலே ஏறுதல் வழக்கம். உச்சியிலே சூரியோதயம் காண்பதற்காக ஏற்பட்ட அவ்வழக்கம் வெயிலுக்கு அஞ்சுவோருக்கும் வாய்ப்பாக அமைந்துவிட்டது. எனினும், குளிர்ந்த இரவிலே பல்லாயிரம் படிகளை ஏறிய மகிழ்ச்சியிலே இறங்கும் வழியை மறந்துவிடலாகாது. இறக்கம் பகலொளியிலே நிகழ்வது, தொடைத்தசைகள் களைத்திருக்கும், வெயில் ஏறிக்கொண்டிருக்கும். உதயங் கண்டவுடன் தாமதியாது புறப்பட்டு, கைத்தடியோடும் துணையோடும் ஆறியாறி இறங்குதல் வேண்டும்.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரைவழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் வைகறையிலே நடந்து, உச்சிப்பொழுதிலே கோயில் மண்டபங்களிலும் மரநிழலிலும் தங்குவர். பல தலைமுறை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்த ஒழுங்கு அது. வாரக்கணக்கான அந்நடை முழுவதையும் நோயாளர் மேற்கொள்ளத் துணிதல் தகாது. ஒரு நாள் விடியற்பொழுதிலே ஓரூரிலிருந்து அடுத்த ஊர்வரை அடியாரோடு கூடி நடந்து, எஞ்சிய வழியை வாகனத்திலே செல்லலாம். அதனாற் பக்தியிலே குறை ஏற்பட்டுவிடாது. கூட்டமாகச் செல்லும்போது மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு அவர் நடைக்கு மற்றையோர் இசைந்து நடத்தல் வேண்டும்.

நீரும் உப்பும்

தாகம் எடுக்குமுன்னரே சிறிது சிறிதாகக் குளிர்ந்த நீர் பருகுதல் பொதுவான விதி. வியர்வை மிகுந்தால் உப்பிட்ட மோர், தேசிக்காய்த் தண்ணீர், கஞ்சி ஆகியன நன்று. ஆனால் எல்லாருக்கும் ஒரே விதியைச் சொல்லல் இயலாது. இருதயம் பலவீனமுற்றோருக்கும் சிறுநீரக நோயுடையோருக்கும் ஒரு நாளிலே பருகத்தக்க நீரின் அளவை வைத்தியர் வரையறுத்திருப்பார், அதனை மீறலாகாது. இளநீரிலே பொற்றாசியம் மிகுதி. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற இயலாது. நாம் அன்போடு சீவிக் கொடுக்கும் இளநீர் அத்தகையோரின் இருதயத் துடிப்பையே குழப்பிவிடக் கூடும். இரத்த அழுத்தமுடையோர் உப்பிலும், சலரோகிகள் இனிப்புப் பானத்திலும் அவதானமாய் இருத்தல் வேண்டும்.

எல்லையை அறிதல்

கால் துவளுதலும் கண் மங்குதலும் முதல் எச்சரிக்கை. அப்பொழுதே நிறுத்தி, நிழலிலே அமர்ந்து, உடலை நனைத்து, விசிறிக்கொள்ளுதல் வேண்டும். "இன்னும் சிறிது தூரந்தானே" என்னும் எண்ணமே பலரை வீழ்த்தியது. உடல் நன்றாகக் குளிர்ந்த பின்னரும் அறிகுறிகள் ஒரு நாளுக்குமேல் நீடித்தால் வைத்தியரைக் காணல் அவசியம். அது நோயின் புதிய தாக்குதலாகவோ உள்ளே மறைந்த காய்ச்சலாகவோ இருக்கலாம்.

பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி, உடல் நெருப்பாய்க் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. ஒரு கணமும் தாமதியாது 1990 இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து அம்புலன்ஸ் வண்டியை அழைத்தல் வேண்டும். வண்டி வரும்வரை வாளி வாளியாக நீரை ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயிலே எதையும் புகட்டலாகாது.

இத்தகையோர் ஒவ்வொருவரும் தம் நோயின் பெயரையும் மருந்துகளையும் எழுதிய சிறு கடதாசி ஒன்றைச் சட்டைப்பையிலே வைத்திருத்தல் நலம். எவ்வளவு தூரம், எந்நேரம், எத்தகைய காற்று, எப்போது தளர்ச்சி என்பவற்றைக் கொப்பியொன்றிலே குறித்துவந்தால் சில வாரங்களிலே தம் எல்லை இதுவென்று அவர்களுக்கே புலனாகும்.

ஆசிரியர்களுக்கும் இதிலே கடமை உண்டு. காலைப் பிரார்த்தனையின்போதும் விளையாட்டு மைதானத்திலும் "நிற்க முடியவில்லை" என்று கூறும் பிள்ளையைச் சோம்பேறி எனக் கடியுமுன் நிழலுக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். குளிர்ந்ததும் தெளிந்து, வெயிலிலே மீண்டும் மீண்டும் தளரும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டும்படி பெற்றாருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். அதுபோலவே வீட்டார் படலையைப் பூட்டாது, விடியற்காலையிலே நோயாளியுடன் கூடத் தாமும் நடத்தல் வேண்டும். துணையாக ஒருவர் வருவது நோயாளிக்குப் பாதுகாப்பு. வருபவருக்கும் அந்நடை நல்ல மருந்தேயாகும்.