மொழித்தொடர்பும் உறவு மொழிகளின் அமைப்பு மாற்றமும்: பிராகுயி, குரூக் மொழிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள் வெவ்வேறு அயல்மொழிகளோடு நெடுங்காலம் பழகும்போது, அவற்றின் ஒலியமைப்பும் இலக்கணக் கூறுகளும் வெவ்வேறு திசைகளில் மாறுகின்றன. வடதிராவிட மொழிகளாகிய பிராகுயியும் குரூக்கும் இதற்குத் தக்க சான்றுகள். உறவு மொழியில் காணும் ஒரு வேறுபாட்டைத் தொடர்பின் விளைவு என்று கொள்வதற்கு முன் எவ்வகைச் சோதனைகள் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தனியொரு கூறு சான்றாகாது. ஒரே அயல்மொழியை நோக்கிச் செல்லும் கூறுகளின் தொகுதியே சான்றாகும் என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: மொழித்தொடர்பு, இருமொழியம், வடதிராவிடம், பிராகுயி, குரூக், பால் பாகுபாடு, எதிர்மறை வினை.

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு மொழிகளுக்கிடையிலான தொடர்பைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுப்பதே இதற்குச் சான்று. ஆயினும் இப்பகுப்பு சொல்லின் அளவில் நிற்கிறது. சொல்லைக் கடன் வாங்காமலேயே ஒரு மொழி தன் ஒலியன்களையும், பால் பாகுபாட்டையும், தொடர் அமைக்கும் முறையையும் அயல்மொழியின் போக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடும் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டில்தான் முறையான ஆய்வுப் பொருளாயிற்று. வைன்ரைக் 1953இல் வெளியிட்ட நூலும், எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் கண்டு எழுதிய கட்டுரையும் இத்துறைக்கு அடித்தளம் இட்டன.

இதனைச் சரியாக மதிப்பிடாவிட்டால் மொழிக்குடும்ப ஆய்வே தடம் மாறும். கால்டுவெல் பிராகுயியில் திராவிடக் கூறு இருப்பதைத் தெளிவாகச் சுட்டினார். எனினும் மொழியை முழுமையாக நோக்குமிடத்து அது பஞ்சாபி, சிந்தி ஆகியவற்றின் மூலத்தைச் சேர்ந்தது என்றே கருதினார். தொடர்பினால் படிந்த மேலடுக்கு அடியிலிருந்த உறவை மறைத்துவிட்டது. டெனிஸ் பிரே 1909இல் வெளியிட்ட பிராகுயி இலக்கணமே அம்மொழியின் திராவிட அடித்தளத்தை ஐயமின்றி நிறுவியது.

வடதிராவிட மொழிகளின் சூழல்

பிராகுயி இன்றைய பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானத்தில், குறிப்பாகக் கலாத்தைச் சூழ்ந்த பகுதியில் பேசப்படுகிறது. அதன் முதன்மை அயல்மொழி ஈரானியக் கிளையைச் சேர்ந்த பலூச்சி. பிராகுயி மக்களுள் மிகப் பலர் தலைமுறை தலைமுறையாகப் பலூச்சியையும் பேசிவருபவர்கள்; கலாத் அரசில் எழுத்து வழக்கிற்குப் பாரசீகம் பயன்பட்டது. குரூக் சோட்டா நாகபுரிப் பீடபூமியில் முண்டா மொழிகளுக்கும் சதரி முதலிய இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் நடுவில் வழங்குகிறது. குரூக்கிற்கு மிக நெருங்கிய மால்தோ இராஜமகால் மலைப்பகுதிக்குரியது.

இவற்றின் உறவு அடிப்படைச் சொற்களில் வெளிப்படையாகத் தெரிகிறது. பின்வரும் எடுத்துக்காட்டுகளில் அடிநாக்கில் பிறக்கும் உரசொலி 'ஃக' எனக் குறிக்கப்படுகிறது. தமிழ்க் 'கண்' பிராகுயியில் 'ஃகன்', குரூக்கில் 'ஃகன்ன்'. தமிழ்ச் 'செவி' பிராகுயியில் 'ஃகஃப்', குரூக்கில் 'ஃகெப்தா'. முன்னிலை ஒருமைப் பெயர் பிராகுயியில் 'நீ', குரூக்கில் 'நீன்'.

பிராகுயியில் தொடர்பின் தடங்கள்

முதலாவது, உயிரொலிகள். மூலத் திராவிடத்திற்கு ஐந்து குறிலும் ஐந்து நெடிலும் கொண்ட பத்து உயிர்கள் மீட்டுருவாக்கப்பட்டுள்ளன. குரூக் அவ்வமைப்பைப் பேணுகிறது. பிராகுயியிலோ எகர, ஒகரக் குறில்கள் தனி ஒலியன்களாக நிலைக்கவில்லை. மேற்காட்டிய செவியைக் குறிக்கும் சொல்லில் குரூக் எகரத்தைக் காக்க, பிராகுயி அகரத்தைக் கொண்டிருப்பது இதன் விளைவு. எஞ்சிய எட்டு உயிர்களின் அமைப்பு பலூச்சியின் எட்டு உயிர்களின் அமைப்போடு அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது, பால் பாகுபாடு. குரூக் ஒருமையில் ஆண்பாலையும் ஆண்பால் அல்லாதவற்றையும் வேறுபடுத்துகிறது. பன்மையில் மக்களையும் மக்களல்லாதவற்றையும் வேறுபடுத்துகிறது. பிராகுயியில் இலக்கணப் பால் இல்லை. பலூச்சியிலும் இல்லை.

மூன்றாவது, தன்மைப் பன்மை. குரூக் முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' என்பதையும் உளப்படுத்தாத 'ஏம்' என்பதையும் பிரித்து வழங்குகிறது. பிராகுயியில் 'நன்' என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் பொதுவாக நிற்கிறது. பலூச்சியிலும் இவ்வேறுபாடு கிடையாது.

நான்காவது, தொடரமைப்பு. தமிழில் 'என்று' என்னும் எச்சம் கூற்றைத் தலைமை வினையோடு இணைக்கிறது. கூற்று வினைக்கு முன் வருகிறது. பிராகுயி 'கி' என்னும் இணைப்புச் சொல்லை ஏற்றுக் கூற்றைத் தலைமை வினைக்குப் பின் வைக்கிறது. இவ்வழக்கு பாரசீகத்திற்கும் பலூச்சிக்கும் உரியது. உடைமையைக் காட்டப் பெயரின் இறுதியில் ஒட்டும் மூவிடப் பெயர்க் குறுக்கங்களும் அவ்வட்டார மொழிகளுக்குப் பொதுவானவை.

ஐந்தாவது, எண்ணுப்பெயர்கள். பிராகுயியில் 'அசிட், இரட், முசிட்' என முதல் மூன்று எண்கள் மட்டுமே திராவிட மூலமுடையவை. நான்கு முதல் ஈரானியச் சொற்களே வழங்குகின்றன. குரூக்கில் நான்கு வரை தாய்மொழிச் சொற்களும் ஐந்து முதல் இந்தோ-ஆரியச் சொற்களும் வருகின்றன. இது சொற்கடன் எனினும், அன்றாட வாழ்வின் மையம் வரை தொடர்பு சென்றதை உணர்த்துகிறது.

மாறாது நின்றவை

தொடர்பு எல்லாவற்றையும் கரைத்துவிடவில்லை. பலூச்சி வினைக்கு முன் ஒட்டினைச் சேர்த்து எதிர்மறையை உணர்த்துகிறது. பிராகுயியோ வினையடிக்குப் பின் எதிர்மறை உருபைச் சேர்த்து, கால வேறுபாட்டோடு கூடிய தனி எதிர்மறை வினைத் திரிபைக் காத்துவருகிறது. தமிழில் 'செய்யேன், செய்யாய்' என்றாற்போல எதிர்மறையை வினைக்குள்ளேயே உணர்த்தும் திராவிட இயல்பின் தொடர்ச்சி இது. பிற பல கூறுகளில் பழமை பேணும் குரூக்கோ வினைக்கு முன் 'மல்' என்னும் தனிச்சொல்லை வைத்து மறுக்கும் முறைக்கு மாறிவிட்டது. இது அதன் அயலிலுள்ள இந்தோ-ஆரிய மொழிகளின் முறையை ஒத்தது.

எனவே 'மிகுதியாக மாறிய மொழி', 'பழமை பேணிய மொழி' என்று மொழிகளை முழுமையாக முத்திரையிடுவது பொருந்தாது. உறவு மொழிகள் ஒவ்வொன்றும் மூலமொழியின் வெவ்வேறு பகுதிகளை இழந்தும் காத்தும் வந்துள்ளன. கூறு கூறாகவே ஒப்பிட வேண்டியுள்ளது.

தொடர்பு எனத் துணிதற்குரிய சோதனைகள்

மேற்கண்ட ஒற்றுமைகளைக் கண்டவுடன் அனைத்தையும் பலூச்சியின் செல்வாக்கு எனக் கூறிவிடத் தோன்றும். ஆனால் எதிர்ச்சான்றுகள் உள்ளன. நீலகிரியில் வழங்கும் தோடா மொழியும் பால் பாகுபாட்டை இழந்துள்ளது. ஈரானிய மொழி எதுவும் அதன் அயலில் இல்லை. இன்றைய பொதுக் கன்னடம் உளப்பாட்டு வேறுபாட்டை விட்டுவிட்டது. அதன் அயல்மொழியாகிய மராத்தியில் அவ்வேறுபாடு உயிரோடு இருக்கிறது. ஆகவே இத்தகைய இழப்புகள் தொடர்பின்றியும் நிகழக்கூடியவை.

மறுதலையாக, பிராகுயியின் 'பால்' என்னும் சொல்லில் வரும் ஒலிப்பிலா லகரம் அயல்மொழியாகிய பலூச்சியில் இல்லை. தேளைக் குறிக்கும் சொல்லிலும் அதுவே வருகிறது. இதனை அம்மொழியின் அகவளர்ச்சி என்றே கொள்ள வேண்டும். தொடர்பு மிகுந்த மொழியிலும் எல்லா மாற்றமும் தொடர்பினால் விளைவதில்லை.

இந்நிலையில் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டியுள்ளது. மாற்றம் பெற்ற கூறு அயல்மொழியில் உண்மையில் அமைந்துள்ளதா? அத்தொடர்புக்கு உட்படாத உறவு மொழி பழைய நிலையைக் காட்டுகிறதா? இருமொழியம் நெடுங்காலம் நிலவியமைக்குச் சமூகச் சான்று உண்டா? மூன்றிற்கும் விடை 'ஆம்' என அமைந்தாலும், தனியொரு கூறு தற்செயலாக ஒத்திருக்கக்கூடும். ஒலியன், பால், இடப்பெயர், தொடரமைப்பு என ஒன்றோடொன்று தொடர்பற்ற இலக்கணத் தளங்களில் காணும் மாற்றங்கள் யாவும் ஒரே மொழியை நோக்கிச் செல்லும்போதுதான் தற்செயல் என்னும் விளக்கம் வலுவிழக்கிறது. பிராகுயியில் நாம் காண்பது இத்தகைய தொகுதியே.

வகைப்பாட்டிற்கு இதன் பயன்

பொது இழப்புகள் எளிதில் தனித்தனியே நிகழக்கூடியவை. அயல்மொழியின் தூண்டலால் விரைவுபடக்கூடியவை. ஆதலால் கிளைப்பிரிவை நிறுவ அவை வலுவான சான்றல்ல. பொதுப் புத்தாக்கங்களே அதற்கு உரியவை. வடதிராவிடத்தை ஒரு கிளையாகக் கொள்வோர், மூலத் திராவிடக் ககரம் குறிப்பிட்ட சூழல்களில் அடிநாக்கு ஒலியாகத் திரிந்ததை முதன்மைச் சான்றாகக் காட்டுவர். மெக்கால்பின் 2003இல் அச்சான்றையே மறு ஆய்வுக்கு உட்படுத்தி, பிராகுயியை மற்ற இரண்டோடு சேர்ப்பதைக் கேள்விக்குள்ளாக்கினார். தொடர்பால் வந்தவற்றை முதலில் நீக்கியபின் எஞ்சுவதைக் கொண்டே இவ்விவாதத்தைத் தொடர இயலும்.

முடிவுரை

பிராகுயியின் உயிரமைப்பு, பாலின்மை, தன்மைப் பன்மை, தொடரமைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றிற்கும் வேறு விளக்கம் கூறலாம். ஒருங்கே நோக்கின் பலூச்சியோடு கொண்ட நெடிய இருமொழியத்தையே அவை சுட்டுகின்றன. அதே மொழி எதிர்மறை வினைத் திரிபைக் காத்து நிற்பது, தொடர்பின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுகிறது. தமிழாய்வில் மொழித்தொடர்பு பெரும்பாலும் கடன்சொற் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ், கன்னட, தெலுங்கு எல்லைப்பகுதிகளின் தமிழ் ஆகியவற்றை ஒலியன், உருபன், தொடர் என்னும் தளங்களில் மேற்கண்ட சோதனைகளோடு அணுகினால், எது வட்டாரத்தின் அகவளர்ச்சி, எது அயல்மொழியின் தடம் என்பதைப் பிரித்தறிய இயலும்.