ரூபிடியம் கடிகாரம் ஏன் மூப்படைகிறது?

2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோள், தன் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதுற்றமையால், இருப்பிடங்காட்டும் பிரதான சேவைக்கு உதவாது போயிற்று. விண்ணில் உள்ளதைத் தொட்டுத் திருத்த இயலாது. ஆயினும் பரிசோதனைச் சாலையில் மூப்படைந்த கடிகாரத்துக்குச் சிகிச்சை உண்டு.

ஆரணித் தறியில் பாவின் விறைப்பை நெசவாளர் இடையறாது சீர்செய்வது போல, விநாடிக்குச் சுமார் 683 கோடி அதிர்வுகளையுடைய ரூபிடியம் அணுவின் இயல்பைப் பிரமாணமாகக் கொண்டு, குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை ரூபிடியம் கடிகாரம் கணந்தோறும் திருத்துகிறது. காலக்கிரமத்தில் கடிகாரத்தினுள் இருக்கும் விளக்கின் ரூபிடியம் கண்ணாடியில் உறிஞ்சப்பட்டோ, ஒளி வெளிப்படும் முகப்பில் படிந்தோ பிரகாசம் குன்றுகிறது. படிகமும் திருத்தத்தின் எல்லையைக் கடந்து விலகிவிடுகிறது.

எப்படிச் சீர்செய்வது? முதலில் விளக்கொளியைக் குறிக்கும் மின்னழுத்தத்தை அளந்து, அது குறைந்திருப்பின், விளக்கின் குமிழை வெளியே எடுத்து, வெப்பக் காற்றினால் நிதானமாகச் சூடாக்கி, முகப்பில் படிந்த உலோகத்தை ஆவியாக்கிக் குளிர்ந்த பக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். பிறகு படிகத்தை மீண்டும் எல்லைக்குள் கொணர்ந்து, செயற்கைக்கோள் நேரத்தோடு ஒப்பிட்டு, காந்தப்புலத்தால் நுண்ணிய பிழையைக் களைய வேண்டும்.

மீண்டும் விண்ணுக்கு வருவோமாயின், அதே இருப்பிடங்காட்டும் பணிக்காக 2023 மே 29 அன்று ஏவப்பெற்ற என்விஎஸ்-01 செயற்கைக்கோளில், அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய சுதேச ரூபிடியம் கடிகாரம் இடம்பெற்றது.