பச்சைப் பூவா? குச்சி ஒடிக்கும் முன் யோசியுங்கள்!



மல்லிகை, கனகாம்பரம், டிசம்பர் என்று எத்தனை நிறத்தில் பூ இருந்தாலும், 'பச்சை நிறத்துல ஒரு பூ' என்று யாராவது சொன்னால் நம்ம கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். அந்த ஆசையில் நான் செய்த ஒரு தப்பையும், அதனால் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருப்பது செங்கல்பட்டில். மாமல்லபுரத்தில் இருக்கும் என் ஓரகத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒரு நித்யகல்யாணி, மொட்டை மாடித் தொட்டியில் மூன்று வருஷமாக ரோஸ் நிறத்தில் பூத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடற்கரை மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளரும் செடிதானே! ஒரு பங்குனி மாசம் பார்க்கிறேன், ஒரு கிளையில் மட்டும் பூ பச்சையாக விரிந்திருக்கிறது. அஞ்சு இதழும் அப்படியே குட்டிக் குட்டி இலை மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். 'கைராசிக்காரி' என்று பேர் வேறு! கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல மனசு வருமா? எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு குச்சி, நாத்தனாருக்கு ஒரு குச்சி, ஓரகத்திக்கு இரண்டு குச்சி ஒடித்துக் கொடுத்தேன்.

ஒரு மாசம் கழித்து, திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியம்மா வந்தார். எள்ளு விதைக்கிற குடும்பம். பெருமையாக மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "அடியே, இது பூ இல்லடி, நோவு! எங்க எள்ளுக் கொல்லையில இப்படித்தான் உச்சியெல்லாம் பச்சையா கொத்துக் கொத்தாப் போயி, ஒரு காய்கூடப் பிடிக்கல. அந்த வருஷம் விதைச்ச எள்ளுகூடத் திரும்பல" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. விவசாயப் படிப்பு படித்த உறவுக்காரப் பையனிடம் காட்டினேன். "பெரியம்மா சொல்றது சரிதான் அத்தை" என்று விவரமாகச் சொன்னான். இதற்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற மிகமிக நுண்ணிய கிருமி. முன்பெல்லாம் இந்த மாதிரி நோய்களை வைரஸ் என்றே நினைத்திருக்கிறார்கள். 1967ல் ஜப்பான் விஞ்ஞானிகள்தான் இது வேறு வகைக் கிருமி என்று கண்டுபிடித்தார்களாம். செடியின் சாறு ஓடும் குழாய்க்குள்ளேயே அது குடியிருக்கும். இதழாக வேண்டியதை இலையாக மாற்றிவிடும். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு அதைச் சுமந்துபோகும். எள்ளுப் பூவை இலையாக்குவதும், கத்தரிச் செடியில் இலையெல்லாம் சிறுத்துப்போகும் 'சிற்றிலை நோயும்' இந்த இனத்துக் கிருமிகளின் வேலைதான். குச்சி ஒடித்து நட்டால், குச்சியோடு கிருமியும் போகும்!

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வீட்டுக்கு என் கையாலேயே நோயைக் கொடுத்திருக்கிறேனே!

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று பெண்களுக்குத்தான் தெரியும். எதிர்வீட்டு அம்மா உடனே பிடுங்கிவிட்டார். நாத்தனாருக்குத்தான் வருத்தம். "ஏன் அண்ணி, உங்க வீட்ல மட்டும்தான் பச்சைப் பூ இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். என் தொட்டிச் செடியை நான் முதலில் பிடுங்கி எரித்ததைச் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனாள். ஓரகத்தி வீட்டில் அந்தக் குச்சியைக் கத்தரித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நல்லவேளை, கத்தரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று அந்த இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு இருந்த படபடப்பு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிறபோதுகூட இருந்ததில்லை.

அப்படியானால் பச்சைப் பூ எல்லாமே நோயா? இல்லை சகோதரிகளே! இயற்கையாகவே பச்சையாகப் பூப்பவை உண்டு. நாத்தனாரின் ஆசையைத் தீர்க்க நான் தேடித் தேடித் தெரிந்துகொண்டவை இவை:

மனோரஞ்சிதம்: நம் பாட்டிமார் வளர்த்த பச்சைப் பூ. சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையோடு இலையாக ஆறு இதழ்களுடன் பச்சையாக இருக்கும். பழுத்து மஞ்சளாகும்போதுதான் வாசனை வீட்டைத் தூக்கும். பூக்காம்பில் உள்ள கொக்கியால் பிடித்துக்கொண்டு ஏறும். அதனால் மதில் ஓரத்தில் வைக்கலாம். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில வருஷம் ஆகும். பதியன் செடி சீக்கிரம் பூக்கும்.

கொடி சம்பங்கி: மஞ்சள் கலந்த பச்சையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சாயங்காலத்துக்கு மேல் நல்ல மணம். பந்தல் போட்டால் போதும்.

பச்சை ரோஜா: இது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வளர்க்கப்படுகிற ரகம். இதற்கு இதழே கிடையாது. இதழ் இருக்க வேண்டிய இடத்தில் புறவிதழ் மாதிரி பச்சை இலைகள்தான். வாசனையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நாள்கணக்கில் செடியில் வாடாமல் நிற்கும். இது நோய் இல்லை, பிறவியே அப்படித்தான். குச்சி வைத்தே பெருக்கலாம்.

ஜினியா: விதை வாங்கும்போது பச்சை நிற ரகம் என்று கேட்டு வாங்குங்கள். நல்ல வெயிலில் தொட்டியிலேயே வரும்.

நோயையும் பிறவிப் பச்சையையும் எப்படி அடையாளம் காண்பது? இவ்வளவு நாள் வேறு நிறத்தில் பூத்த செடி திடீரென்று, அதுவும் ஒரு கிளையில் மட்டும் பச்சையாகப் பூத்தால் சந்தேகப்படுங்கள். கூடவே இலை சிறுத்து, வெளிறி, கொத்தாக நெருங்கி வளர்ந்தால், காய் பிடிக்காமல் போனால், நோய்தான். பிறவியிலேயே பச்சை என்றால் எல்லாக் கிளையிலும், எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி பூக்கும். இலையும் செழிப்பாக இருக்கும்.

நோய் வந்த செடிக்கு வீட்டு வைத்தியம் எதுவும் பலிக்காது. கிளையை மட்டும் வெட்டினாலும் பிரயோஜனம் இல்லை. வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள். தத்துப்பூச்சிக்கு வாரம் ஒருமுறை வேப்பெண்ணெயைத் துளி சோப்புக் கரைசலோடு தண்ணீரில் கலக்கி, இலைக்கு அடியில் படும்படி மற்ற செடிகளுக்குத் தெளிக்கலாம். பெரிய தோட்டம் வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்துக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் காட்டி யோசனை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பூக்கடையில் பளபளவென்று பச்சைச் சாமந்தி, பச்சைச் சம்பங்கி என்று கண்டால் ஏமாறாதீர்கள். வெள்ளைப் பூவின் காம்பைச் சாயத் தண்ணீரில் வைத்தால் பூவும் சாயம் ஏறிவிடும். பிறவியிலேயே பச்சையான சாமந்தியும் உண்டு. ஆனால் அதன் நிறம் இளம் பச்சையாக, மெதுவாக இருக்கும். இதழின் நரம்பில் மட்டும் நிறம் அடர்ந்து தெரிந்தால் அது சாயம்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வெறும் மணலில் மனோரஞ்சிதம் தேறாது. குழியில் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிறையப் போடுங்கள். உப்புக் காற்று நேராக அடிக்காத பக்கமாக, சுவர் மறைவில் வையுங்கள். அவ்வப்போது நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட்டால் கருகாது. எங்களைப் போல் ஏரிப் பக்கம் இருப்பவர்களுக்கு வண்டல் மண்ணே போதும்.

போன வருஷம் நாத்தனார் வீட்டு மதிலில் ஒரு மனோரஞ்சிதப் பதியனை நானே நட்டுக் கொடுத்தேன். சமீபத்தில் போன் செய்து, "அண்ணி, பூத்திருக்கு. இலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்துது, வாசனை வந்துதான் கண்டுபிடிச்சேன்" என்றாள். மனசு லேசாகிவிட்டது.

ஆசைப்பட்டு யாராவது குச்சி கேட்டால் கொடுங்கள் சகோதரிகளே, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒடிக்கும் முன் செடியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நம் தொட்டியிலிருந்து போகும் நோய், யாரோ ஒருவருடைய எள்ளுக் கொல்லையின் வருஷத்து உழைப்பைத் தின்றுவிடக் கூடாது.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு