குரோஷா ஊசியைத் தெரிந்தெடுத்தல்

நம் நாட்டிற் கருவிகளைப் பற்றிய பேச்சு எழுங்கால் ஏர், தறி, உளி, உலை என்னும் இவையே நினைவிற்கு வரும். மகளிர் கையிலுள்ள சிறு கருவிகளை எண்ணிப் பார்ப்பார் அரியர். திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஒருவன் ஐயமற எண்ணிச் செய்யத்தக்கவை ஐந்து என வகுத்து, அவற்றுள் கருவியையும் ஒன்றாக வைத்தார். கருவி பெரிதாயினும் சிறிதாயினும் விதி ஒன்றே. ஆதலின், சாண் நீளமும் இல்லாத குரோஷா ஊசியை எவ்வாறு ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும் என்பதனை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். நம்மவர் வழக்கில் அது 'குரோஷா' என நிலைத்தது. ஆங்கிலேயர் 'நிட்டிங்' எனக் கூறும் கம்பளிப் பின்னலுக்கு இரண்டு ஊசிகள் வேண்டும். கண்ணிகள் பல ஒருங்கே ஊசியின்மேல் வரிசையாக நிற்கும். குரோஷா வேலைக்கோ ஊசி ஒன்றே. ஒரு கண்ணியை முடித்து, அதனுள்ளிருந்தே அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டு செல்வதே அதன் முறை. ஒரு மேசை விரிப்பிற் பல்லாயிரங் கண்ணிகள் இருப்பின், அத்தனை முறையும் நூலைப் பற்றி இழுப்பது அவ்வொரு கொக்கியே. ஊசியிலுள்ள சிறு குறையும் பல்லாயிரம் மடங்காகப் பெருகுவதற்கு இதுவே காரணம்.

இவ்வேலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகளார் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடியில் அத்தொழிலை நிறுவினார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டதனைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். மனைவியார் அவ்வூரிற் பெண்களுக்குக் கைத்தொழில் அளித்ததனை அறிந்தார் அத்துணைப் பலர் அல்லர். ஆனால் அவர்கள் கற்பித்தது தலையணை லேஸ். தலையணையின்மேற் குண்டூசிகளை நாட்டி, சிறு கட்டைகளிற் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. அதற்குக் கொக்கியூசி வேண்டுவதில்லை. நாகர்கோவிலில் அடிமைப் பெண்கள் சிலர் அவ்வேலையால் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கினர் என்பது மறக்கத்தக்கதன்று.

குரோஷா வேலை இதனின் வேறு. அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிக் கொடும் பஞ்சம் நேர்ந்த காலத்தில், கன்னியர் மடங்களிற் கற்பிக்கப்பட்ட இவ்வேலை பல குடும்பங்களுக்கு உணவளித்தது. தலையணையும் நூறு கட்டைகளும் வேண்டாமையால், ஓர் ஊசியும் ஒரு நூலுருண்டையும் உடைய எவரும் இதனைத் தொடங்கலாம். நம் நாட்டிற் கோதாவரிப் படுகையிலுள்ள நரசாபுரத்தில் மிஷனெரிமார் வாயிலாக 19ஆம் நூற்றாண்டில் இது பரவி, பின்னர்ப் பெருவாணிகமாக வளர்ந்தது.

விருதுநகரினின்று காரியாபட்டி செல்லும் வழியிலுள்ள எம்மூராகிய மல்லாங்கிணற்றிலும் இவ்வேலை அறிந்த பெண்கள் உளர். வாயிற் தோரணம், மேசை விரிப்பு, குழந்தைக் குல்லாய், ஆலயத்தில் திருவிருந்து மேசைக்குரிய விரிப்பின் ஓரம் ஆகியவற்றை ஓய்வு நேரத்திற் பின்னுகின்றனர். பூவேலையின் வகைகளைக் கேட்டால் விரிவாகக் கூறுவர். "ஊசி எந்த அளவினது?" எனக் கேட்டாலோ, "கடையில் கொடுத்தது" என்பதே பெரும்பாலும் விடை. நூலின் நிறத்திற்காக மூன்று கடை ஏறி இறங்குவோரும், ஊசியைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வருகின்றனர். நூல் ஒரு வேலையோடு தீரும். ஊசி ஆண்டுக்கணக்கிற் கையில் இருக்கும். ஆராய்ச்சி மிகுதியும் வேண்டுவது ஊசிக்கே.

ஊசியின் உறுப்புகள் ஐந்து. நூலைப் பற்றும் முனை, முனைக்குக் கீழே குறுகிய தொண்டை, கண்ணி தங்கும் தண்டு, கட்டைவிரல் படியும் தட்டையான இடம், பிடி என்பன அவை. இவற்றுள் கண்ணியின் அளவை வரையறுப்பது தண்டின் பருமனே. தண்டு பருத்தால் கண்ணி நெகிழும், மெலிந்தால் இறுகும்.

தண்டின் பருமனை நூலோடு ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும். குரோஷாப் பருத்திநூலில் எண் ஏற ஏற நூல் மெலியும். 10ஆம் எண் நூலினும் 20ஆம் எண் மெல்லியது, அதனினும் 40ஆம் எண் மெல்லியது. 10ஆம் எண் நூலுக்கு ஏறக்குறைய 1.25 முதல் 1.75 மில்லிமீட்டர் வரையுள்ள ஊசியும், 20ஆம் எண்ணுக்கு 1 முதல் 1.25 வரையுள்ளதும், 40ஆம் எண்ணுக்கு 1 மில்லிமீட்டரும் அதனிற் குறைந்ததும் பொருந்தும். நடுத்தரக் கம்பளி நூலுக்கு 4 மில்லிமீட்டர் அளவு வேண்டும். பின்னுவோர் கை இறுக்கமாயின் ஒரு படி பெரியதும், நெகிழ்ச்சியாயின் ஒரு படி சிறியதும் கொள்க.

ஊசியின்மேற் பொறித்த எண்ணை மட்டும் நம்புதல் ஆகாது. எஃகு ஊசிகளில் எண் ஏற ஏறப் பருமன் குறையும். அமெரிக்க முறையும் ஜப்பானிய முறையும் ஒரே எண்ணால் வெவ்வேறு பருமனைக் குறிக்கும். கம்பளிக்குரிய பெரிய ஊசிகளிலோ அமெரிக்கர் எழுத்துக்களை இடுவர். அவை ஏற ஏறப் பருமனும் ஏறும். மில்லிமீட்டர் அளவு பொறித்த ஊசியை வாங்குவதே இக்குழப்பத்தினின்று நீங்கும் வழி. ஒரு வேலையைத் தொடங்கிய ஊசியாலேயே அதனை முடித்தலும் வேண்டும். இடையில் மாற்றினால், அளவு ஒன்றேயாயினும் செய்தவர் வேறாதலின், விரிப்பின் ஒரு பாதி அகன்றும் மறுபாதி குறுகியும் போதல் உண்டு.

இனி முனையின் வடிவம். ஒருவகை ஊசியில் முனையும் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க, பள்ளம் மட்டும் உள்ளே வெட்டப்பட்டிருக்கும். மற்றொருவகையில் தொண்டை சரிந்து மெலிய, முனை சிறிது புடைத்திருக்கும். முன்னது நூலை எளிதில் நழுவவிடாது; பின்னது கண்ணியினுள் எளிதிற் புகுந்து வெளிவரும். இவற்றுள் எது சிறந்தது என வழக்காடுதல் வீண். கை பழகியதே சிறந்தது. ஆனால் முனையின் கூர்மை பற்றி ஐயத்திற்கு இடமில்லை. மிகக் கூரியதாயின் நூலின் புரிகளைப் பிளந்து விரல் நுனியையும் குத்தும். மிக மழுங்கியதாயின் இறுகிய கண்ணியினுள் நுழையாது.

ஊசி செய்யப்படும் பொருள்களும் பலவாம். முற்காலத்தில் எலும்பாலும் தந்தத்தாலும் செய்தனர். மெல்லிய நூலுக்கு எஃகே ஏற்றது. அத்துணை மெலிந்த மரம் ஒடிந்துவிடும். கம்பளிக்கு அலுமினியம், மரம், மூங்கில், பிளாஸ்டிக் என்பன வழங்குகின்றன. அலுமினியத்தில் நூல் விரைந்தோடும்; ஆதலின் வழுக்கும் இயல்புடைய செயற்கை நூலுக்கு மூங்கில் நன்று.

இடத்தின் தட்பவெப்பத்தையும் நோக்குதல் வேண்டும். எம்மூர் போன்ற கரிசல் நிலத்திற் பங்குனி சித்திரை மாதங்களிற் கை வியர்த்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் ஊசியில் அப்போது நூல் ஒட்டி இழுபடும். எஃகு ஊசியின் மேற்பூச்சுத் தேய்ந்திருப்பின் துருவேறும். அத்துரு வெண்ணூலிற் பட்டால் வெறுஞ் சோப்பினால் நீங்காது. வேலை முடிந்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து, துணியுறையில் வைத்தல் நலம்.

எல்லாவற்றினும் முதன்மையானது கை. ஊசியைச் சிலர் எழுதுகோல் போலப் பிடிப்பர். சிலர் கத்தி போல உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடிப்பர். எழுதுகோல் போலப் பிடிப்பவர்க்கு விரல் படியும் தட்டையிடம் சரியான தொலைவில் இருத்தல் வேண்டும். கத்தி போலப் பிடிப்பவர்க்குப் பிடியின் நீளம் போதாதாயின், அதன் அடி உள்ளங்கையில் அழுந்தி நோவு செய்யும். மெல்லிய எஃகு ஊசியை மணிக்கணக்கிற் பிடிப்போர் விரல்களை மிக இறுக்கவேண்டி வருதலால், கட்டைவிரலின் அடியும் மணிக்கட்டும் வலிக்கும். அத்தகையோர் பருத்த பிடியுள்ள ஊசியை வாங்கலாம். அன்றேல் துணியைச் சுற்றியோ, பழைய பேனாக் குழாயிற் செருகியோ பிடியைத் தாமே பருக்கச் செய்யலாம். "இவ்வேலை செய்தால் கை வலிக்கத்தான் செய்யும்" எனப் பொறுத்திருத்தல் அறியாமையாம். பல சமயங்களில் வலி வேலையினால் வருவதன்று. கைக்குப் பொருந்தாத ஊசியினால் வருவது.

கடைக்குச் செல்லுங்கால் நூலையும் உடன் கொண்டு செல்க. நூலை ஊசியின் தொண்டையில் மாட்டி மெல்ல இழுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பிசிறும் கைக்குத் தெரியும். இடம் கிடைப்பின் இருபது சங்கிலிக் கண்ணிகள் போட்டு, அவற்றின்மேல் இரண்டு வரிசை பின்னுக. கண்ணிகள் ஒத்திருக்கின்றனவா, நூல் பிளவாது வருகின்றதா, விரல் இயல்பாகத் தன் இடத்திற் படிகின்றதா என நோக்குக. வீட்டில் அரைமணி நேரம் பின்னிய பின், ஊசியைக் கீழே வைத்தவுடன் விரல்களை நீட்டி மடக்கிப் பார்க்க. ஊசியைப் பற்றிய உண்மைத் தீர்ப்பு அப்போது கிடைக்கும்.

இத்துணை ஆராய்ச்சி ஓர் ஊசிக்கு வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். பொழுதுபோக்காகப் பின்னுவோர்க்கு வேண்டாதிருக்கலாம். கூலிக்குப் பின்னுவோர்க்கு வேண்டும். சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் எண்ணிக்கைக் கூலி பெறும் பெண்களை நாம் அறிவோம். அவர்க்கு விரல்களின் விரைவே வருவாய். விரல் நொந்த நாளிற் கூலி குறையும். நரசாபுரத்து லேஸ் பெண்களின் நிலையும் அத்தகையதே. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் அப்பெண்கள், வீட்டில் ஓய்வாக அமர்ந்திருப்போராகவே கருதப்பட்டு மிகக் குறைந்த கூலி பெற்றமையை அவர் எடுத்துக்காட்டினார். ஒருத்தியின் உழைப்பை உழைப்பென மதியாதவிடத்து, அவள் கருவியையும் எவரும் கருவியென மதியார். ஊசியை ஆராய்ந்து கொள்ளுதல், தன் கையின் உழைப்புக்கு அவள் தானே அளிக்கும் முதல் மதிப்பாகும்.

யோப்பா பட்டினத்துத் தொற்காள் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பற்றி வேதம் பேசுகின்றது. அவள் ஊசியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. நல்ல ஊசியின் இயல்பு அதுவே. பின்னுகின்றவர் அதனை மறந்து வேலையையே நினைத்திருப்பர். கை அடிக்கடி நினைக்கின்ற ஊசி, விலை மிக்கதாயினும் அழகியதாயினும், மாற்றத்தக்கது.

ஆகவே, தையலும் பின்னலும் கற்பிக்கும் பள்ளிகளில், எல்லார்க்கும் ஒரே ஊசியைக் கொடுத்துவிடாது, வெவ்வேறு வடிவும் அளவும் உள்ள நான்கைந்து ஊசிகளை வைத்து, மாணவியர் ஒவ்வொருவரும் தமக்கு ஏற்றதனைக் கண்டுகொள்ளச் செய்வது நலம் பயக்கும். நம் கல்லூரி மாணவர்களும் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், தம் வீட்டிற் பின்னுகின்ற தாய்மாரையும் தமக்கைமாரையும் கை வலிக்கின்றதா என ஒருமுறை கேட்பாராக. வலிக்கின்றது எனின், அவர்களையும் நூலையும் உடன் அழைத்துச் சென்று, வேறோர் ஊசி வாங்கித் தருவாராக.