பெர்த்தோல்தோ கதைக்குக் கிரெஸ்பி வரைந்த ஓவியங்களில் நகைச்சுவை

முன்னுரை

இத்தாலியின் போலோஞ்ஞா நகரச் சந்தைகளில் கதை சொல்லிப் பிழைத்தவர் ஜூலியோ சேசரே குரோச்சே (1550-1609). கொல்லர் குடியில் பிறந்த இவர், இடைக்காலத்தில் வழங்கிய சாலமோன் - மார்க்கோல்ஃப் உரையாடலைத் தழுவி, பெர்த்தோல்தோ என்னும் உழவனின் கதையை எழுதினார். மலிவான சிறுநூலாகப் பரவிய இக்கதை 1736இல் உயர்ந்த படநூலாக மாறியபோது, அதன் நகைச்சுவையை ஓவியங்கள் எவ்வாறு காத்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கதையில் நகை

பெர்த்தோல்தோ அழகற்றவன், ஆயினும் சொல்வன்மை மிக்கவன். அவனைத் தலைவணங்கச் செய்ய எண்ணிய அரசன் அல்போயினோ, வாயிலின் உயரத்தைக் குறைக்கிறான். உழவனோ திரும்பிக்கொண்டு முதுகு காட்டி நுழைகிறான். தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டபோது, தனக்கான மரத்தைத் தானே தெரிவுசெய்ய அனுமதி பெறுகிறான். எந்த மரமும் அவனுக்குப் பிடிப்பதில்லை. இறுதியில் அரண்மனை உணவு ஒவ்வாமல், பழகிய கிழங்கும் அவரையும் கிடைக்காமல் இறக்கிறான். அவன் மகன் பெர்த்தோல்தினோ பேதை. தன்னிடமுள்ள காசுகளைத் தவளைகள் குறைத்துச் சொல்வதாகச் சினந்து, அவையே எண்ணிப் பார்க்கட்டும் எனக் குளத்தில் எறிகிறான். தந்தையிடம் நகை எள்ளலாகவும், மகனிடம் பேதைமையாகவும் வெளிப்படுகிறது.

ஓவியத்தில் நகை

1736ஆம் ஆண்டுப் பதிப்பை லேலியோ தல்லா வோல்பே போலோஞ்ஞாவில் வெளியிட்டார். புலவர் பலர் கூடிக் கதையை எண்சீர் அல்லாத எட்டடிச் செய்யுள்களில், 20 காண்டங்களாகப் பாடினர். ஜுசேப்பே மரியா கிரெஸ்பி (1665-1747) அமைத்த காட்சிகளை லுடோவிக்கோ மத்தியோலி செப்புத்தகட்டில் செதுக்கினார்.

ஒளி-நிழல் முரண், உடலின் வேகம், செயலின் உச்சகணம் ஆகியவை பரோக் கலையின் கூறுகள். புனிதரின் பரவசத்தையும் அரசரின் பெருமிதத்தையும் காட்டப் பயன்பட்ட இவை, கிரெஸ்பியிடம் தவளைக் குளத்துக்கும் குடியானவர் முற்றத்துக்கும் உரியனவாகின்றன. கருவியின் பெருமைக்கும் பொருளின் எளிமைக்கும் உள்ள இம்முரணே நகையைத் தோற்றுவிக்கிறது. பாத்திரம் துலக்கும் பெண்ணையும் உடையில் தெள்ளுப்பூச்சி தேடும் பெண்ணையும் பரிவுடன் தீட்டியவர் கிரெஸ்பி. ஆகவே உழவனை அவர் இழிவுபடுத்திச் சிரிக்கவில்லை.

முடிவுரை

சந்தைக் கதை புலவரின் செய்யுளாக மாறியபோது உழவனின் பேச்சு மெருகேறியது; அதன் கரடுமுரடு குறைந்தது. அவனது உடலும் உழைப்பும் மண்ணும் ஓவியத்தில் எஞ்சி நின்றன. அவ்வகையில் கிரெஸ்பியின் ஓவியங்கள் செய்யுளுக்கு அணியாக மட்டும் அமையாமல், செய்யுள் இழந்ததை ஈடுசெய்யும் மற்றொரு பனுவலாகவும் திகழ்கின்றன எனலாம்.