தலைமையாசிரியருக்கும் ஒரு பரீட்சை

அமெரிக்காவில் டென்னஸி முதலிய மாநிலங்களில், பல்லாண்டுகள் பாடம் நடத்திப் பெயரெடுத்த ஆசிரியரே ஆனாலும், ஒரு பள்ளிக்குத் தலைவராக விரும்பினால், ஈ.டி.எஸ். என்னும் தேர்வு ஸ்தாபனம் தயாரித்த பரீட்சையொன்றில் தேறி உரிமம் பெறவேண்டும் என்ற நியதி ஏற்பட்டது. கொடுத்த விடைகளுள் சரியானதைப் பொறுக்கும் வினாக்களோடு, பள்ளி சம்பந்தமான தஸ்தாவேஜுகளைப் படித்து, தாம் எடுக்கும் நடவடிக்கையைக் காரணத்துடன் எழுதும் பகுதியும் அதில் உண்டு. கோபத்தோடு வாசலில் வந்து நிற்கும் பெற்றோரைச் சமாதானப்படுத்தும் சாமர்த்தியத்தை எந்தத் தாளில் அளப்பதோ!

டென்னஸியில் இப்பரீட்சை எழுதியோரின் பத்தாண்டு விவரங்களை ஆதாரமாகக் கொண்டு, வாண்டர்பில்ட் சர்வகலாசாலையின் ஜேஸன் கிரிஸமும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி சங்கடமானது. அதிக மார்க்கு வாங்கியவர்களுக்கு உத்தியோகம் எளிதாகக் கிட்டிற்று என்பது உண்மையே. ஆயினும், மேலதிகாரிகளின் மதிப்பீட்டிலோ, கீழே பணிபுரிந்த ஆசிரியர்களின் அபிப்பிராயத்திலோ அவர்கள் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்கினர் என்பதற்கு அத்தாட்சி சொற்பமே. மேலும், பிற அம்சங்களில் ஒத்திருந்த வெள்ளையரோடு ஒப்பிடுகையில், வெள்ளையரல்லாதார் தேறும் வாய்ப்பு 12 சதவிகிதப் புள்ளிகள் குறைந்திருந்தது.

சட்டமும் நிர்வாக விதிகளும் அடியோடு அறியாதவரை விலக்குவதற்கு இத்தகைய சோதனை உதவலாம். ஆனால், தேறியவர்களுள் யார் உத்தமர் என்று தீர்மானிக்கவும் அதே மார்க்குப் பட்டியலைப் புரட்டுவது எனக்குச் சம்மதமில்லை.