தாய்சான் மலைப்படிகள்

சீனத்து நகரங்களைக் காணப் புறப்படும் மாணவருக்கு இன்று தூரம் ஒரு தடையன்று. 2011ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட பெய்ஜிங் - சங்காய் அதிவேகப் புகையிரதப் பாதை, ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற சினான் நகரையும், கன்பூசியஸ் பிறந்த சூபு நகரையும் ஒருநாட் பயணத்துள் அடக்கிவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையே தாய்ஆன் நகரில் இறங்குவோர் முன்னே, தாய்சான் என்னும் புனித மலை நிமிர்ந்து நிற்கின்றது.

ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரமான இம்மலையில் 6,000க்கும் மேற்பட்ட கற்படிகள் உண்டு. கி.மு. 219இல் சின் பேரரசன் இங்கு ஏறி வானுக்கு வேள்வி செய்தான். தன் ஆட்சியை வானம் ஏற்றதென உலகறியச் செய்வதே அதன் நோக்கம். கி.பி. 1008இல் சொங் மன்னன் சென்சொங் செய்ததே அத்தகைய இறுதி வேள்வியாகும்.

அரச வேள்வி நின்றபின்னும் மலை வெறிச்சோடவில்லை. உச்சிக்கருகே கோயில்கொண்ட பீசியா தேவியை நாடிக் குடிமக்கள் ஏறினர், இன்றும் ஏறுகின்றனர். கம்பிவழி ஊர்தி இருந்தும், மாணவர் பலர் நள்ளிரவிலே படியேறி, உச்சியில் கதிரவன் எழுவதைக் காண்கின்றனர். மன்னர் நாட்டிய கல்வெட்டுக்கள் மலையின் பெருமையைக் கூறுகின்றன; அதனைக் காத்துவந்தவை எளியோரின் கால்களே.